கூனியின் நீளமும் மணலின் எடையும்

பீங்கான் மூசையின் (பொருளை எரித்துச் சாம்பலாக்கும் சிறு கிண்ணம்) அடியில் மிஞ்சியது வெறும் மணல். உப்பைக் கழுவி, அமிலம் விட்டு, மறுபடியும் கழுவிக் காயவைத்த பிறகும் அது அப்படியே கிடந்தது. தராசில் வைத்தேன்: 0.35 கிராம். எரிக்க எடுத்த காய்ந்த கூனித்தூள், அதாவது பொடி இறால் தூள், 2.00 கிராம். ஆறில் ஒரு பங்குக்கும் மேல் தேவிபட்டினத்துக் கடற்கரையைத்தான் நான் கிலோ 90 ரூபாய்க்கு வாங்கிக் கோழிக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்று மாத வேலைக்கு விடை இதுதான் என்று தெரிந்தபோது சிரிப்பு வந்தது. நான் தேடப் புறப்பட்டது வேறு.

பள்ளி ஆய்வக உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது திருப்பாலைக்குடிப் பக்கம் 110 நாட்டுக்கோழி வைத்திருக்கிறேன். தீவனத்தில் கூனித்தூள் கலப்பது இந்தப் பக்கத்து வழக்கம். கூனி என்றால் சென்னாக்கூனி. குழம்பில் போடுகிறோமே, அதே பொடி இறால்தான். கார்த்திகையில் கோழிகளுக்கு எச்சம் தண்ணீராகப் போனது, குடிக்கும் தண்ணீரும் இரட்டிப்பானது. அதே வாரம் பேரனின் மீன் தொட்டிக்காக மகன் ஒரு டப்பா வாங்கி வந்தான். உள்ளே காய்ந்த அண்டார்க்டிக் கிரில் (தென்துருவக் கடலில் வாழும், இறால் போன்ற சிற்றுயிர்), 100 கிராம் 450 ரூபாய். "தாத்தா, இது நம்ம கூனிதானே? எதுக்கு இவ்வளவு விலை?" என்று பேரன் கேட்டான். எனக்கும் அது நியாயமான கேள்வியாகப் பட்டது. எது எவ்வளவு பெரியது, எதில் எவ்வளவு சத்து, ஒரு ரூபாய்க்கு எவ்வளவு. அளந்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் அடையாளம். 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் இரண்டும் ஒன்றல்ல என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். கிரிலுக்குச் செவுள்கள் ஓட்டுக்கு வெளியே, கால்களின் மேல்முனையில் சிறு குஞ்சம் போலத் தொங்கும். காய்ந்த டப்பா கிரிலைக்கூடத் தண்ணீரில் ஊறவைத்தால் அவை விரிந்துகொள்கின்றன. கூனிக்குச் செவுள் ஓட்டுக்குள்ளே ஒளிந்திருக்கும். இறாலுக்கு ஐந்து ஜோடி நடைக்கால் என்றால் கூனிக்கு மூன்று. பின்னால் இருக்கவேண்டிய இரண்டு ஜோடி இல்லை. வால் துடுப்பில் சிவப்புப் புள்ளிகள். ஆகவே கூனி இறால் குடும்பத்துக்குத்தான் நெருக்கம், கிரில் தூரத்து உறவு. விஞ்ஞானிகள் கூனியை அசிட்டஸ் என்றும், அண்டார்க்டிக் கிரிலை யூஃபாசியா சூப்பர்பா என்றும் அழைக்கிறார்கள்.

அடுத்தது நீளம். இங்கேதான் முதல் சறுக்கல்.

கடைக் கூனியைக் கிராஃப் தாளில் கொட்டி அளக்கத் தொடங்கினேன். பெயரிலேயே கூனல் இருக்கிறது. காய்ந்தால் இன்னும் சுருண்டு கொக்கியாகிவிடும். தலைக்கும் வாலுக்கும் நேர்க்கோட்டில் அளந்தால் ஒன்று, நூலை முதுகோடு ஓட்டி அளந்தால் வேறொன்று. ஒரே கூனிக்கு 13 மில்லிமீட்டரும் 19 மில்லிமீட்டரும் வந்தன. ஊறவைத்தால் நிமிரும் என்று பார்த்தால் தலை கழன்றுகொண்டது. காய்ந்ததை அளப்பதில் பயனில்லை, வலையிலிருந்து நேராக வரவேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

மோர்ப்பண்ணையில் கரைவலை இழுக்கும் இடத்துக்குப் பஸ்ஸில் போய் அரைக் கிலோ பச்சைக் கூனி வாங்கினேன். தூக்குவாளியில் கடல்தண்ணீரோடு கொண்டுவந்தேன். வழியில் ஒரு துக்க வீடு. இரண்டு மணி நேரம் தாமதம். வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தால் இளஞ்சிவப்புக் கஞ்சி. கூனியின் வயிற்றில் இருக்கும் செரிமானச் சாறு, உயிர் போனதும் கூனியையே செரிக்கத் தொடங்கிவிடுகிறது. கிரிலிலும் இதே தொல்லை உண்டு. அதனால்தான் அண்டார்க்டிக்கில் பிடிக்கும் கப்பல்கள் சில மணி நேரத்துக்குள் கப்பலிலேயே பதப்படுத்திவிடுகின்றன. எனக்கு அது அப்போது தெரியாது. கஞ்சி வாத்துகளுக்குப் போனது.

இரண்டாம் முறை சாராவி டப்பாவோடு போனேன். சாராவி என்றால் ஆய்வக ஸ்பிரிட். நாங்கள் பள்ளியில் வைத்த செல்லப்பெயர். போட்டவுடன் கூனி வெளுத்து விறைத்தது, கெடவில்லை. ஆனால் மறுநாள் அளந்தபோது கண்ணாடிபோல் இருந்தது சுருங்கிக் குறுகியிருந்தது. எவ்வளவு சுருங்கியது என்று சொல்ல முன்கணக்கு என்னிடம் இல்லை. அதையும் கொட்டினேன்.

மூன்றாம் முறைதான் சரி வந்தது. ஐஸ் பெட்டி. அடியில் நொறுக்கிய ஐஸ், மேலே பாலித்தீன் பையில் கொஞ்சம் கடல்தண்ணீரோடு கூனி. விடியற்காலை ஐந்தரைக்கு வலையின் மடி கரை ஏறியது. ஏழரைக்கு என் வீட்டுத் திண்ணையில் அளவு தொடங்கிவிட்டது. உடைந்துபோன ஒரு தெளிந்த கண்ணாடித் துண்டைக் கிராஃப் தாளின் மேல் வைத்து, துளித் தண்ணீர் விட்டு, கூனியைப் பக்கவாட்டில் கிடத்தினேன். சாமணத்தால் இழுக்கக்கூடாது, கழுத்து விடும். ஈரமான ஓவியத் தூரிகையால் முதுகைத் தடவினால் தானாக நீள்கிறது. கண்ணாடிக்குள் கண்ணாடி போல உடம்பு தெரியவில்லை. கரும்புள்ளியாக இரு கண்ணும், வாலில் சிவப்புப் பொட்டும்தான் தெரியும். ஆகவே கிராஃப் தாளை எடுத்துவிட்டுக் கறுப்பு அட்டையை வைத்தேன், ஓரத்தில் எஃகு அளவுகோல். பேரன் கைபேசியில் மேலிருந்து படம் எடுத்தான். அளவைப் படத்திலிருந்து எடுத்தோம்.

எங்கிருந்து எங்குவரை என்பதையும் முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். கிரிலை அளப்பவர்கள் கண்ணின் முன்விளிம்பிலிருந்து வால்முள்ளின் நுனிவரை எடுக்கிறார்கள், நுனியிலுள்ள மயிர்களைச் சேர்ப்பதில்லை. நானும் அதையே பிடித்துக்கொண்டேன். கூனியின் மீசை உடம்பைவிட நீளம். அதைச் சேர்த்தால் பெருமையாக இருக்கும், அவ்வளவுதான்.

மூன்று பிரிவாகப் பிரித்தோம். ஒவ்வொன்றிலும் 50. நகைக்கடைத் தராசு 0.01 கிராம் வரைதான் காட்டும். தனிக் கூனியை வைத்தால் 0.05 என்று காட்டும், மூச்சு விட்டால் 0.07 என்று காட்டும். ஐம்பதாகச் சேர்த்து நிறுத்தால் அந்த ஆட்டம் இல்லை. 15 முதல் 18 மி.மீ. வரையுள்ளவை 50-க்கு 1.3 கிராம். 19 முதல் 22 வரை 2.5 கிராம். 23 முதல் 26 வரை 4.25 கிராம். நீளம் ஒன்றரை மடங்கு ஆவதற்குள் எடை மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது. நீளத்தின் மூன்றடுக்குப் போல எடை ஏறும் என்று பாடத்தில் படித்ததைத் திண்ணையில் பார்த்தபோது எனக்குச் சின்ன மகிழ்ச்சி. அண்டார்க்டிக் கிரில் 6 சென்டிமீட்டர் நீளமும் 2 கிராம் எடையும் வரை வளரும். என் கூனியை அதே விகிதத்தில் 6 சென்டிமீட்டருக்கு இழுத்துக் கணக்கிட்டால் 1.25 கிராம்தான். கிரில் தடித்த ஆள்.

கிரிலைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். இரை கிடைக்காவிட்டால் அது தோலுரித்து முன்னைவிடச் சிறிய உடம்போடு வெளிவரும். நீளத்தை வைத்து வயதைச் சொல்லிவிட முடியாது. என்னைப் போல ஓய்வூதியத்தில் இருப்பவர்களுக்குப் புரியும் ஏற்பாடு.

அடுத்த கட்டம் உலர்த்துவது. சத்தை அளக்கத் தண்ணீர் போயிருக்க வேண்டும். மருமகளின் சமையலறை ஓவனில் ஒருமுறை வைத்தேன். மிகக் குறைந்த சூடே 100 டிகிரி. கூனி பழுப்பேறி, தட்டில் எண்ணெய் கசிந்து நின்றது. வீடு முழுவதும் கருவாட்டு மணம். அதன்பின் ஓவன் எனக்குத் தடை. மீன் சந்தையில் கிடைக்கும் தெர்மோகோல் பெட்டியில் 60 வாட் குண்டு பல்பு மாட்டினேன். அரை மணியில் பல்புக்கு மேலே ஒரு குழி உருகி விழுந்தது. மூன்றாவதாக 15 கிலோ எண்ணெய் டின். பக்கவாட்டில் துளைகள், அடியில் பல்பு, நடுவில் கொசுவலை கட்டிய கம்பிச் சட்டம், மேலே பழைய கணினியின் விசிறி. துளைகளை ஒவ்வொன்றாக அடைத்தும் திறந்தும் சூட்டை 58 டிகிரிக்கும் 62 டிகிரிக்கும் நடுவில் நிறுத்தினேன். பல்பு, ஹோல்டர், ஒயர், டின் எல்லாம் சேர்ந்து 420 ரூபாய். இப்போது மிளகாய் வற்றலும் இதில்தான் காய்கிறது.

100 கிராம் பச்சைக் கூனி வைத்து இரண்டு இரவு கழித்து எடுத்தால் 16 கிராம். அடுத்த முறை 19. அதற்கடுத்து 17. ஒரே வலை, ஒரே டின். எங்கே ஆடுகிறது என்று இரண்டு நாள் குழம்பினேன். தவறு உலர்த்தியதில் இல்லை, ஈரத்தில் நிறுத்ததில் இருந்தது. கூனிக்கு இடையில் நிற்கும் தண்ணீரையும் சேர்த்து நிறுத்திருக்கிறேன். நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசி, வேட்டித் துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணி போட்டு ஐந்து நிமிடம் ஒற்றி எடுத்த பிறகு நிறுத்தேன். 21.4, 21.6, 21.5. ஐந்தில் நாலு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர்.

இன்னொரு கடலோரத் தொல்லை: காய்ந்ததை வெளியே வைத்தால் வாடைக்காற்று ஒரே இரவில் ஈரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. 20.0 கிராம் மறுநாள் 21.2. ஊறுகாய் ஜாடியில் அடியில் சுட்ட சுண்ணாம்புக் கல், மேலே துளைத்தட்டு, அதன்மேல் கூனி. நீர் தெளிக்காத கல்லாகக் கேட்டு வாங்கவேண்டும். இந்த ஜாடி இல்லாமல் ராமநாதபுரம் கடற்கரையில் எந்த உலர் எடையும் நம்பத்தக்கதல்ல.

பிறகு எரிப்பு: எரியும்போது வரும் சூட்டை வைத்துச் சத்தைக் கணக்கிடுவது. இதில்தான் அதிக நேரம் செலவழித்தேன், குறைந்த பயன் பெற்றேன்.

எவர்சில்வர் டம்ளரில் 300 கிராம் தண்ணீர். சுற்றிலும் பால்பவுடர் டின், அடியில் காற்றுக்குத் துளை. தண்ணீருக்குள் 0.1 டிகிரி காட்டும் டிஜிட்டல் வெப்பமானி. கீழே கம்பியில் எரியும் பொருள். 1 கிராம் தண்ணீரை 1 டிகிரி உயர்த்த 1 கலோரி என்ற பள்ளிக் கணக்கு. சூட்டில் பாதிக்கு மேல் காற்றோடு போய்விடும் என்று தெரியும். எவ்வளவு போகிறது என்று பார்க்க முதலில் மெழுகுவர்த்தியை எரித்தேன். மெழுகு 1 கிராமுக்குச் சுமார் 11 கிலோகலோரி. அரை கிராம் எரிந்ததும் 8.1 டிகிரி ஏறியது. டம்ளருக்குள் வந்தது 44 விழுக்காடு. நாலு முறை செய்தும் 42-க்கும் 46-க்கும் நடுவிலேயே நின்றது. மோசமில்லை.

நான் உலர்த்திய கூனியின் தூளை முனை வெட்டிய 2 மில்லி சிரிஞ்சில் அழுத்தி மாத்திரையாக்கினேன். பற்றவைத்தால் முடி கருகும் நாற்றம், ஒரு நீலச் சுடர், பிறகு அணைந்துவிடும். நிலக்கடலை எரிவதுபோல் இது எரியாது. கொழுப்பு குறைவு, புரதமும் ஓடும் அதிகம். அரை கிராம் தூளோடு கால் கிராம் உருகிய மெழுகைச் சேர்த்துப் பிசைந்தபோது முழுவதும் எரிந்ததுபோல் தெரிந்தது. 6.3 டிகிரி. அதில் மெழுகின் பங்கு 4.0. மிச்சம் 2.3-ஐக் கணக்கிட்டால் கூனி 1 கிராமுக்கு 3.1 கிலோகலோரி.

பேரனிடம் இந்த எண்ணைப் பெருமையாகச் சொன்னேன். அவன் கம்பியிலிருந்த கறுப்புக் கட்டியைக் காட்டி, "இது எரியலையே தாத்தா" என்றான். நிறுத்தேன்: 0.19 கிராம். சாம்பல் மட்டும் என்றால் 0.09 இருக்கவேண்டும். மிச்சம் 0.10 கிராம் கரி. கரியையும் எரிந்ததாக வைத்துக் கணக்கைத் திருத்தினால் 4.7 வந்தது. அந்தத் திருத்தத்தின்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

தெரிந்த பேராசிரியர் ஒருவர் மூலம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் பாம் கலோரிமீட்டரில் இரண்டு மாதிரிகளைப் பார்த்துத் தந்தார்கள், மாதிரிக்கு 600 ரூபாய். தடித்த எஃகுக் குடுவைக்குள் மாத்திரையை வைத்து, காற்றழுத்தத்தைப் போல 30 மடங்கு அழுத்தத்தில் ஆக்சிஜனை அடைத்து, மெல்லிய கம்பியில் மின்சாரம் விட்டுப் பற்றவைக்கிறார்கள். கரி என்ற பேச்சே இல்லை. என் மெழுகுவர்த்தியின் இடத்தில் அவர்கள் பென்சாயிக் அமிலத்தை எரித்துக் கருவியைச் சரிபார்க்கிறார்கள், கிராமுக்கு 26.4 கிலோஜூல். நான் உலர்த்திய கூனி கிராமுக்கு 18.8 கிலோஜூல், அதாவது 4.5 கிலோகலோரி. டப்பா கிரில் 21.6, அதாவது 5.2. கிரிலில் கொழுப்பு கூடுதல், அதன் வித்தியாசம். என் கரித் திருத்தம் அவ்வளவு அருகில் வந்தது தற்செயலா என்று இன்னும் பத்துமுறை எரித்தால் தெரியும். எரிக்கப்போவதில்லை.

இதற்கு நடுவில் ஒரு சின்ன வேலையாகத்தான் சாம்பலைப் பார்த்தேன். மூசை 140 ரூபாய், ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் வாங்கியது. கடைக் கூனித்தூளை 2 கிராம் போட்டு காஸ் அடுப்பில் சூடேற்றினேன். கறுத்தது, புகைந்தது, பிறகு பொரிகடலை வறுப்பதுபோலப் படபடவென்று வெடித்தது. மூசையிலிருந்து வெள்ளைத் துகள்கள் துள்ளி மேடையில் விழுந்தன. நாக்கில் வைத்தேன்: உப்பு. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இவ்வளவு உப்பா?

மூடி போட்டு, தீயைக் குறைத்து, மறுபடி செய்தேன். 2.00 கிராமில் சாம்பல் 0.83. வெந்நீரில் கழுவி நிறுத்தேன். உப்புப் போனது 0.25. மிச்சத்தில் கழிப்பறை கழுவும் அமிலத்தை நீர்த்து விட்டேன், நுரைத்தது. கூனி ஓட்டின் சுண்ணாம்பு 0.23 கரைந்தது. கரையாமல் நின்றதுதான் தொடக்கத்தில் சொன்ன மணல்.

கோழிகளின் தண்ணீர் எச்சத்துக்குக் காரணம் கையில் கிடைத்துவிட்டது: உப்பு. சந்தையில் தீவனக் கூனி விற்கும் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "தம்பி, மணல்ல காயப்போட்டா மணல் இருக்கும். வலைமேல காயப்போட்டது 240 ரூபாய். நீங்கதான் 90 ரூபாய் கேட்டீங்க" என்றார். மறுக்க என்னிடம் எதுவும் இல்லை.

கணக்கைப் போட்டுப் பார்த்தேன். தீவனக் கூனியில் 20 விழுக்காடு ஈரம் வேறு. எரியும் பகுதியை மட்டும் எடுத்தால் 1 கிலோவில் சுமார் 2,560 கிலோகலோரி. ஆயிரத்துக்கு 35 ரூபாய். வலைமேல் காய்ந்த சாப்பாட்டுக் கூனி 14 விழுக்காடு ஈரத்தோடு 3,860. ஆயிரத்துக்கு 62 ரூபாய். பச்சையாகக் கிலோ 40 ரூபாய்க்கு வாங்கி நானே அலசி உலர்த்தினால் ஆயிரத்துக்கு 41 ரூபாய் 50 காசு. கிரில் டப்பா 938 ரூபாய். மணலோடு இருந்தும் தீவனக் கூனிதான் மலிவு என்பது எனக்கே வியப்பு. ஆனால் எட்டில் ஒரு பங்கு உப்பை எந்தக் கோழி தாங்கும்? ஆறரை ரூபாய் கூடக் கொடுத்துப் பச்சையாக வாங்குவதே வழி. இது நெருப்பு சொல்லும் கணக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டிலுள்ள கைட்டின் என்ற கெட்டிப் பொருள் நெருப்பில் நன்றாக எரியும், கோழி வயிற்றில் அவ்வளவு செரிக்காது. கிரிலின் ஓட்டில் ஃபுளோரைடும் அதிகம். விலை இறங்கினாலும் கோழிக்கு அள்ளிப்போட நான் துணியமாட்டேன்.

செலவு: தராசு 650, லென்ஸ் 180, மூசை 140, உலர்த்தும் டின் 420, வெப்பமானி 350, ஆய்வகம் 1,200, கிரில் 450. மொத்தம் 3,390 ரூபாய். வீணான கூனியும் மருமகளின் ஓவன் தட்டும் இதில் சேரவில்லை.

மறுபடி தொடங்கினால் மூசையிலிருந்துதான் தொடங்குவேன். ஈரம், உப்பு, மணல் மூன்றையும் முதல் வாரத்திலேயே பார்த்திருந்தால் பால்பவுடர் டின்னுக்குத் தேவையே வந்திருக்காது. தராசு 0.001 கிராம் காட்டுவதாக வாங்குவேன். ஒவ்வொரு மாதமும் ஒரே கரைவலையிலிருந்து 50 கூனி எடுத்து, அதே நீளத்துக்கு எடை ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க ஆசை இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை என்றாலும் கரைவலைக்கு இல்லை, ஆகவே வரிசை அறுபடாது.

டின்னில் இப்போது மூன்றாவது மூட்டை காய்கிறது. அலசிய கூனிக்கு மாறிப் பதினெட்டு நாள் ஆகிறது. கொட்டகைத் தரை காய்ந்திருக்கிறது. பேரன் மட்டும் கிரில் டப்பாவை எனக்கு எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறான். அதில் 100 கிராமுக்கு 38 கிராம் குறைகிறதாம்.